ஷூ ஆர்டர் பண்ணியாச்சு, எங்கே ஓடுவது? லப்பைக்குடிக்காட்டிலிருந்து 42.195 கி.மீ.

ஜனவரி முதல் வாரம் வந்தால் இன்ஸ்டாகிராம் முழுக்க மெடல் படங்கள்தான். விடியும் முன்பே நேப்பியர் பாலம் அருகே கூடி, கடற்கரைச் சாலையில் ஓடி, வியர்வையோடு மெடலைக் கடித்துக்கொண்டு ஒரு செல்ஃபி. அதைப் பார்த்துவிட்டு 'அடுத்த வருஷம் நாமும் ஓடணும்' என்று சொல்பவர்கள் சென்னையில் மட்டும் இல்லை. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களில் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்ப்பவர்கள், வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருப்பவர்கள் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். ஷூ ஆன்லைனில் கிடைத்துவிடுகிறது. பயிற்சித் திட்டம் யூடியூபில் இலவசம். மாட்டிக்கொள்வது மூன்றாவது விஷயத்தில். ஓட இடம்.

இதை லப்பைக்குடிக்காட்டை வைத்தே பேசலாம். வெள்ளாற்றின் தென்கரையில், பெரம்பலூர் மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கும் பேரூராட்சி. எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடி. மாவட்ட விளையாட்டு மைதானம் இருக்கும் பெரம்பலூர் நகரம் 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதாவது ஓடுவதற்கு ஒரு டிராக் வேண்டுமென்றால், மாரத்தான் பயிற்சியின் மிக நீண்ட ஓட்டத்தைவிட அதிக தூரம் முதலில் பஸ்ஸில் போகணும். இது ஜோக் இல்லை, கணக்கு.

இங்கே ஏற்கெனவே ஓடுவது யார்?

சின்ன ஊர்களில் அதிகாலை 5 மணிக்கு ஓடும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பெரும்பாலானோர் மாரத்தானுக்காக ஓடுவதில்லை, காக்கிச் சட்டைக்காக ஓடுகிறார்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடணும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. அக்னிவீர் தேர்வென்றால் 1.6 கிலோமீட்டர், முழு மதிப்பெண் வேண்டுமென்றால் ஐந்தரை நிமிடம். தேர்வு முடிந்ததும் முக்கால்வாசிப் பேரின் ஓட்டமும் அன்றோடு முடிந்துவிடும். வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

இவர்களிடம் ஏற்கெனவே நல்ல அடித்தளம் இருக்கிறது, ஆனால் பழகிய வேகம்தான் மாரத்தானுக்கு எதிரி. 1,500 மீட்டர் 7 நிமிடம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 வினாடி. அதே வேகத்தில் 42.195 கிலோமீட்டரையும் முடித்தால் 3 மணி 17 நிமிடம் ஆகும். முதல் மாரத்தான் ஓடும் சாதாரண ஆள் அதைக் கனவில்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று போனால் 4 மணி 55 நிமிடம். 8 நிமிடம் என்றால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இதில் எதுவும் கேவலம் கிடையாது.

பயிற்சி என்றால் என்ன செய்யணும்?

முதலில் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறோம். இதுவரை ஓடியே பழகாதவர் முதல் வருடமே முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. 10 கி.மீ., பிறகு 21.1 கி.மீ. அரை மாரத்தான், அதற்கு அடுத்த வருடம் 42. சென்னை மாரத்தானில் இடையில் 'பர்ஃபெக்ட் 20 மைலர்' என்று 32 கிலோமீட்டர் பிரிவும் உண்டு. படிப்படியாக ஏற நினைப்பவர்களுக்கு அது நல்ல படி.

ஏற்கெனவே 10 கிலோமீட்டரை நிற்காமல் ஓடுகிறவருக்கு சுமார் 20 வாரப் பயிற்சி தேவை. வாரத்துக்கு நான்கு நாள் போதும். மூன்று நாள் 5, 6 கிலோமீட்டர் நிதானமாக. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். அந்த ஞாயிறு ஓட்டம் 10, 12, 14 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே இறக்கணும். உடம்பு பலப்படுவது ஓய்வில்தான். உச்சத்தில் 28 முதல் 32 கி.மீ. வரை போய், கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துவிட வேண்டும். அந்த மூன்று வாரத்தில் 'சும்மா இருக்கோமே' என்ற பதற்றத்தில் கூடுதலாக ஓடிக் காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

வேகம் சரியா என்று பார்க்க ஸ்மார்ட் வாட்ச் தேவையில்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். 'ம்... ஆமா...' என்று மட்டும்தான் வருகிறதா? வேகம் அதிகம், குறைங்க. தனியாக ஓடுபவர் போனில் அம்மாவிடம் பேசிப் பார்க்கலாம். 'ஏன்டா இப்படி மூச்சு வாங்குது' என்று அவர் கேட்டால் பதில் கிடைத்துவிட்டது.

30-வது கிலோமீட்டரில் என்ன நடக்கிறது?

மாரத்தான் ஓடியவர்கள் எல்லோரும் 'சுவர்' பற்றிப் பேசுவார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆள் 30 கிலோமீட்டர் தாண்டியதும் திடீரென்று கால் நகராமல் நிற்பது. காரணம் எளிமையானது. சாப்பிட்ட மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாக மாற்றி தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கிறது. மொத்தச் சேமிப்பு தோராயமாக 2,000 கலோரி. ஓட்டத்தின் செலவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் ஒரு கலோரி. 70 கிலோ ஆளுக்கு 42 கிலோமீட்டருக்கு 2,900-க்கு மேல். கையிருப்பு தீருவது சுமார் 30-ல். கொழுப்பும் எரியும்தான், ஆனால் மெதுவாக. நிதானமாக ஓடினால் கொழுப்பின் பங்கு கூடும், கிளைகோஜன் இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும். ஞாயிறு நீண்ட ஓட்டம் உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

அதனால் ஓடும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போகணும். கடைகளில் ஜெல் பாக்கெட் விலை கேட்டாலே மூச்சு வாங்கும். பேரீச்சம்பழம் இருக்கும்போது அது எதற்கு? நடுத்தர அளவு பழம் ஒன்றில் சுமார் 6 கிராம் மாவுச்சத்து. ஐந்து பழம், 30 கிராம். லப்பைக்குடிக்காட்டில் வளைகுடாவிலிருந்து வந்த பேரீச்சை டப்பா இல்லாத வீடு எத்தனை? கடலைமிட்டாயும் சரிதான், ஆனால் ஓடிக்கொண்டே மெல்வது கஷ்டம். எதுவாக இருந்தாலும் பயிற்சியில் பழக்காத பொருளைப் போட்டி நாளன்று வாயில் வைக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குறைவாகக் குடிப்பது மட்டுமல்ல, அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பு சேருங்கள். உப்புப் போட்ட நீராகாரம் வீட்டிலிருந்து கிளம்பும் முன் அருமையான பானம். ஓ.ஆர்.எஸ். வாங்கினால் பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். வெறும் சர்க்கரைப் பானங்களுக்கு அந்தப் பெயரை வைத்து விற்பதை எதிர்த்து ஐதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடி, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது.

'ஓடினால் ஹார்ட் அட்டாக் வருமாமே?' என்ற கேள்வி இப்போது எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்ததில், ஓட்டத்தின்போதோ முடித்த உடனேயோ இதயம் நின்றவர்கள் 59 பேர். மிக அரிது, ஆனால் பூஜ்யம் இல்லை. 35 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் மாரடைப்பில் இறந்திருந்தால், பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் 'தாக்குப்பிடிக்கலாம்' என்ற வேலையே வேண்டாம். உடனே நிறுத்தணும்.

காலண்டர் நம் பக்கம் இல்லை

ஜனவரி முதல் ஞாயிறு சென்னையில் ஓடணும் என்றால் ஆகஸ்ட் நடுவில் பயிற்சியைத் தொடங்கணும். அப்படியென்றால் நீண்ட ஓட்டங்கள் எல்லாம் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் விழும். வடகிழக்குப் பருவமழை. வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் வெள்ளாற்றில் தண்ணீர் வருவதும் அப்போதுதான். மைதானம் சேறாகிவிடும், மிச்சம் தார்ச்சாலை மட்டும். வெளிநாட்டுப் பயிற்சி ஆப்கள் பனிக்கும் வெயிலுக்கும் திட்டம் தரும், ஐப்பசி அடைமழைக்குத் தராது. மழை வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டம் போனால் போகட்டும். அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓடி ஈடுகட்டப் பார்ப்பதுதான் காயத்துக்கு நேர் வழி.

நோன்பு நோற்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பகல் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாத மாதத்தில் நீண்ட ஓட்டம் கூடவே கூடாது. இஃப்தாருக்கு முந்தைய அரை மணி நேரமோ, தராவீஹ் முடிந்த பிறகோ மெதுவாக 4, 5 கிலோமீட்டர் போதும். ஓடி முடித்து நோன்புக் கஞ்சியும் பேரீச்சையும் என்றால், உப்பு, நீர், மாவுச்சத்து மூன்றும் ஒரே விரிப்பில் கிடைக்கின்றன. ரமலான் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னோக்கி நகரும். இப்போதைக்கு ஜனவரி மாரத்தானுக்கு இடைஞ்சல் இல்லை, ஆனால் 2030-ல் ஜனவரியிலும் டிசம்பரிலும் என இரண்டு முறை ரமலான் தொடங்கும். அப்போது திட்டத்தை அடியோடு மாற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம், சாலை

ஃபௌஜா சிங் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 89 வயதில், 2000-ம் ஆண்டு லண்டனில் முதல் மாரத்தான் ஓடியவர். நூறைக் கடந்தும் ஓடியவர். வயது அவரை நிறுத்தவில்லை. 2025 ஜூலையில் பஞ்சாபில் தன் சொந்த கிராமத்தின் அருகே, சாலையில் நடந்தபோது வாகனம் மோதி 114 வயதில் இறந்தார்.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேல். அதில் கிட்டத்தட்ட 33 ஆயிரம் பேர் பாதசாரிகள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமென்டும் ஏற்றிய லாரிகள், கரும்பு டிராக்டர்கள், விடியற்காலையில் கண் சொருகும் டிரைவர்கள். ஓரத்தில் நடைபாதை கிடையாது, மண் விளிம்பு மட்டும். அதுவும் மழையில் கரைந்துவிடும். இந்தச் சாலையில்தான் நீங்கள் 30 கிலோமீட்டர் ஓடணும் என்று எல்லாப் பயிற்சித் திட்டமும் சொல்கிறது.

வேறு வழியில்லாமல் சாலையில் ஓடுபவர்கள், வண்டி எதிரே வருவது தெரியும்படி வலது ஓரமாக ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை, முடிந்தால் ஒளி பிரதிபலிக்கும் பட்டை. காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, முகத்தைத் திருப்பாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். தடுப்பூசி இலவசம்.

இவை எல்லாம் தற்காப்பு. தீர்வு இல்லை. தீர்வு ஊருக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. அரசுப் பள்ளி மைதானம். ஒரு சுற்று 200 மீட்டர் என்று வையுங்கள், 30 கிலோமீட்டருக்கு 150 சுற்று. போரடிக்கும், ஒத்துக்கொள்கிறோம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை திசையை மாற்றி ஓடினால் ஒரே பக்கக் கணுக்காலுக்கும் முட்டிக்கும் சுமை ஏறாது. ஆனால் லாரி வராது.

பெண்கள் எங்கே ஓடுவார்கள்?

ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்ததே 1984-ல், லாஸ் ஏஞ்சலிஸில்தான். அதுவரை பெண் உடம்பு அத்தனை தூரம் தாங்காது என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அந்த வாதம் இன்று எந்த ஊரிலும் செல்லுபடியாகாது. ஆனாலும் ஊருக்கு வெளியே, இருட்டில், தனியாக ஓடும் ஓர் இளம்பெண்ணைப் பெரம்பலூர் மாவட்டத்தின் ஏதாவது கிராமச் சாலையில் நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? சென்னை, கோவையில் ஓடும் குழுக்களில் பெண்கள் நிறைய. அதே பெண் பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் ஷூவைப் பையிலேயே வைத்திருக்கிறாள். வெளிச்சம் இல்லை, துணை இல்லை, 'யார் வீட்டுப் பொண்ணு' என்ற கேள்வி வேறு. புர்கா அணியும் பெண்களுக்கு நான்கு பேர் பார்க்கும் சாலை இன்னும் பெரிய தடை. சுற்றுச்சுவர் உள்ள மைதானம், காலையில் பெண்களுக்கென்று ஒரு மணி நேரம், எரியும் இரண்டு விளக்கு. இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையா?

அரசு ஒன்றுமே செய்யவில்லையா?

செய்திருக்கிறது. 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் சாதாரண ஓட்டக்காரர்களுக்கு நல்ல உதாரணம். சாலை விபத்தில் கால் பாதிக்கப்பட்டவர், நீரிழிவு உள்ளவர், நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர். 2023 நவம்பர் 4-ம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை, மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டு நடை. நல்ல யோசனை. நான்கு நடை போனால் 32 கிலோமீட்டர், அதாவது மாரத்தான் பயிற்சியின் மிக நீண்ட ஓட்டம் அந்த ஒரே பாதையில் முடிந்துவிடும். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் கலைஞர் நூற்றாண்டு மாரத்தானில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓடி கின்னஸ் சாதனையும் ஆனது.

சிக்கல், மாவட்டத்துக்கு ஒரு பாதை என்ற கணக்கில் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி, நான்கு பேரூராட்சிகள். குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லப்பைக்குடிக்காடு. இந்த நான்கு ஊர்க்காரர்கள் தினமும் காலையில் மாவட்டத் தலைநகருக்கு ஓடப் போக முடியாது. ஒருநாள் கூட்டத்துக்கு 70 ஆயிரம் பேரைத் திரட்ட முடிந்தால், ஒரு பேரூராட்சியில் தினமும் 70 பேர் பயமில்லாமல் ஓட ஏற்பாடு செய்வது அதைவிடச் சுலபம். புகைப்படத்துக்கு மட்டும் அவ்வளவு நன்றாக இருக்காது.

துபாயை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் துபாய் ரன்னுக்காக ஷேக் சயீத் சாலையை மூடிவிடுகிறார்கள். 2023-ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஓடினார்கள். அந்த நகரத்தில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். அங்கே பன்னிரண்டு வழிச் சாலையில் ஓடிப் பழகியவர் லீவில் வெள்ளாற்றங்கரைக்கு வந்தால், விளக்கில்லாத சாலையில் லாரிக்கு ஒதுங்கி நிற்கிறார். ஊருக்கு வரும் வளைகுடாப் பணத்தில் எத்தனையோ நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. பள்ளி மைதானத்துக்கு மண் அடித்துச் சமப்படுத்துவதும், சுற்றி ஓடுபாதை போடுவதும் அந்தப் பட்டியலில் சேரக்கூடாதா?

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வொரு பேரூராட்சியிலும் ஓர் அரசுப் பள்ளி மைதானம் காலை 5 முதல் 7 வரையும், மாலையில் பள்ளி விட்ட பின் ஒரு மணி நேரமும் ஊர் மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். விளக்கு, தண்ணீர்க் குழாய், ஒரு கழிவறை, அதைத் திறந்து மூட சம்பளத்தோடு ஓர் ஆள். பள்ளிச் சொத்து சேதமாகும், இரவில் பாட்டில் கிடக்கும் என்று தலைமையாசிரியர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பொறுப்பைப் பள்ளியின் தலையில் கட்டாமல் பேரூராட்சி ஏற்கணும் என்கிறோம். மழைநீர் வடிய ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினால் ஐப்பசியிலும் ஓடலாம்.

இதை யாரிடம் கேட்பது? பேரூராட்சி செயல் அலுவலருக்கும், மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் ஒரே மனுவின் மூன்று பிரதிகள். தனி ஆளாகப் போகாதீர்கள். போலீஸ் தேர்வுக்கு ஓடும் பையன்கள், சர்க்கரைக்கு நடக்கும் பெரியவர்கள், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் என்று முப்பது கையெழுத்தோடு போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டமும் உண்டு. மனு கொடுத்தால் ரசீது வாங்க மறக்காதீர்கள். அடுத்த ஆகஸ்டில் பயிற்சி தொடங்க வேண்டுமென்றால் அந்த ரசீதில் கோடை விடுமுறைக்கு முந்தைய தேதி இருப்பது நல்லது. ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் மைதானத்தில் எந்த வேலையும் நகராது.